பழி யார் தலையில்?

2019 மே 12. டொராண்டோவில் NBA கூடைப்பந்து பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம். 90-90, மிச்சம் 4.2 விநாடி. மூலையிலிருந்து டொராண்டோவின் கவாய் லெனர்ட் எம்பி எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட் அழுதுகொண்டே வெளியேறினார்.

கடைசியில் கை உயர்த்தி மறித்தவர் அவர்தான் என்பதற்காக அவரைத் திட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர் களத்தில் நின்ற 45 நிமிடங்களில் பிலடெல்பியா எடுத்தது எதிரணியைவிட 10 புள்ளி அதிகம். மூச்சு வாங்க அவர் பெஞ்சில் உட்கார்ந்தது மொத்தமே மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் 12 புள்ளி பறிபோனது. தோற்றதோ இரண்டே புள்ளியில்! உடம்பு முடியாமலும் அந்தத் தொடரில் ஆடிய மனிதர் அவர். அந்த மூன்று நிமிடத்தைத் தாங்க நம்பகமான மாற்று ஆள் இல்லாமல் அணியைக் கட்டியவர்களை முதலில் கேளுங்கள்.