ஒற்றை மகரந்தம் சொல்லும் மரம்

புல் மகரந்தம் எண்ணுவதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. உருண்டை, அதில் ஒரு துளை, துளையைச் சுற்றி ஒரு வளையம். அவ்வளவுதான். நீலகிரிச் சதுப்புகளில் பனியுகத்தைச் சேர்ந்த அடுக்கை எடுத்தால் ஸ்லைடு முழுக்க இதுதான். எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போகும் நேரத்தில், எங்கோ ஓரத்தில் சோலை மரம் ஒன்றின் மகரந்தம் தலைகாட்டும். அந்த ஒன்றை வைத்து மரம் அங்கே நின்றது என்று சொல்லலாமா? எங்கள் தொழிலே அந்தக் கேள்விதான்.

பனியுகத்தில் நீலகிரியைப் பனிப்பாளம் மூடவில்லை. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்தது, குளிர் கூடியது, காற்றில் கரியமில வாயுவும் இன்றுள்ளதில் பாதிக்கும் கீழே போனது. புல்லுக்குக் கொண்டாட்டம், மரத்துக்குத் திண்டாட்டம்.

சேற்றைக் குழாயில் எடுத்து வந்ததும் முதலில் வெளித்தோலைக் கத்தியால் சீவிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்போம். மேலடுக்கின் அழுக்கு கீழடுக்கில் ஒட்டியிருக்கும். பிறகு காரம், அமிலம், சல்லடை. மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். கடைசியில் ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஒரு பங்கு கந்தக அமிலம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சீறித் தெறிக்கும். இத்தனையையும் தாங்கி நிற்பது மகரந்தத்தின் வெளிச்சுவர்தான்.

எல்லா மகரந்தமும் தாங்குவதில்லை. சோலைகளில் லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள் ஏராளம். அவற்றின் மகரந்தச் சுவரோ மெலிது, சேற்றிலேயே மட்கிவிடும். எங்கள் எண்ணிக்கையில் அந்தக் குடும்பம் ஏறக்குறைய வருவதே இல்லை. அதற்காகக் காட்டிலும் இல்லை என்று எழுதினால் அபத்தம்.

நேர்மாறான சிக்கல் வடஐரோப்பியர்களுக்கு. பைன் மகரந்தம் இரண்டு காற்றுப் பைகளோடு நெடுந்தூரம் பறக்கும். சேற்றில் கொஞ்சம் பைன் கிடைத்தால் மரம் நின்றதா, காற்று கொண்டுவந்ததா? நார்வேயின் ஆந்தோயா தீவு ஏரிச் சேற்றில் கிடைத்த மரபணுவைச் சான்றாக்கி, ஊசியிலை மரங்கள் பனியுகத்திலும் அங்கே பிழைத்திருந்தன என்று 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு குழு எழுதியது. அதே இதழில் மறுப்பும் வந்தது.

இந்த விஷயத்தில் எங்கள் பாடு தேவலை. சோலை மரங்களில் பல, தேனீயையும் பூச்சியையும் நம்பியவை. அவற்றின் மகரந்தம் தூரம் போகாது. ஆகவே ஆழத்தில் கிடைக்கும் ஒரு நாவல் குடும்ப மகரந்தத்தை, ஐம்பது பைன் மகரந்தத்தைவிட நான் நம்புவேன். ஆனால் யூகலிப்டஸும் அதே குடும்பம், அதே முக்கோண முகம்! அதனால் கூடவே வாட்டில் மரத்தின் மகரந்தம் இருக்கிறதா என்று தேடுவேன். பதினாறு மணிகள் ஒட்டிய கொத்து அது, ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. பனியுக அடுக்கில் வாட்டில் தென்பட்டால் அந்த மாதிரி குப்பைக்குத்தான்.

மகரந்தத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. புல் மகரந்தம் எல்லாம் ஒரே முகம். எந்த வகைப் புல் என்று அது சொல்லாது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வாளர் சுகுமாரின் குழு நீலகிரிச் சேற்றின் கார்பன் ஐசோடோப்பை அளந்து, பனியுக உச்சத்தில் வறட்சிப் புற்களே ஓங்கியிருந்தன என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் முடிவு இது: மலைமேல் புல் விரிந்தது, மரங்கள் காற்றும் உறைபனியும் தாக்காத, ஈரம் தங்கிய மடிப்புகளில் ஒதுங்கிப் பிழைத்தன. ஆக, அங்குள்ள புல்வெளி காட்டை அழித்ததால் மட்டும் வந்ததல்ல. அங்கே மரம் நடுவதைச் சேவை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேரட்டுக்கும் உருளைக்கும் சதுப்பில் வடிகால் வெட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டால் சில ஆண்டுகளிலேயே மேலடுக்கு மகரந்தம் சிதையத் தொடங்கும். மிச்சமிருக்கும் சதுப்புகளையாவது விட்டுவையுங்கள்.