ஊரைக் காட்டினார்கள், ஆளைக் காணோம்

தஞ்சாவூரில் குளிர்சாதனம் போட்ட தியேட்டர் ஒன்றில், 2025 மே மாதத்து வெயிலுக்கு அஞ்சி உள்ளே போய் உட்கார்ந்த ஒரு மத்தியானம், சந்தானம் நடித்த ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ ஓடிக்கொண்டிருந்தது, பின் வரிசையில் யாரோ ஒரு பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்து வெற்றிலை மடித்தார், பாப்கார்ன் வாடையையும் அறைக்குள் அடித்திருந்த செண்ட் வாசனையையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு சுண்ணாம்பும் பன்னீர்ப் புகையிலையும் கலந்த அந்த மணம் என் பிடரிக்கு வந்து சேர்ந்தது, திரையில் ஒரு சொகுசுக் கப்பல் போய்க்கொண்டிருந்தபோதே நான் திருமானூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகையின் மணலில், அப்பாயியின் முந்தானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அது கொள்ளிடத்து மணல், பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே கையை விட்டால் இளஞ்சூடு காட்டும், மேலே கீற்று, பக்கத்துக்குப் படுதா, ஆம்பிளைப் பக்கத்துக்கும் பொம்பிளைப் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாலு நாற்காலி. கொட்டகை ஒலிபெருக்கியில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு கேட்டதும் அப்பாயி அடுப்பில் தண்ணீர் தெளித்துவிடுவாள், கடிகாரம் பார்க்கத் தெரியாதவள், ஆனால் எத்தனையாவது பாட்டுக்குத் தெருவில் இறங்கினால் நியூஸ் ரீலுக்கு முன்னால் போய்ச் சேரலாம் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு சொம்பில் தண்ணீர், மடியில் பாக்குவெட்டி, எனக்கு மட்டும் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொடுத்துவிட்டு, தான் மேடு கட்டிக்கொள்ளாமல் அப்படியே சம்மணம் போடுவாள், பின்னால் இருக்கிறவளுக்கு மறைக்கும் என்பது அவள் நியாயம். பீடிப் புகைக்குள் நீளமாய்ப் போகும் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதே எனக்குப் பாதிப் படம், ஒற்றை மிஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டும் சோடாச் சத்தமும் வரும், அந்த இடைவெளிகளில்தான் பெண்கள் அதுவரை பார்த்ததை ஒருத்திக்கொருத்தி சொல்லி இன்னொரு தரம் சிரிப்பார்கள்.

‘கல்யாணராமன்’ அப்படித்தான் எங்களுக்கு வந்தது. 1979இல் பட்டணத்தில் வெளியான படம், பஞ்சு அருணாசலம் எழுதி ஜி.என். ரங்கராஜன் இயக்கியது, பெட்டி ஊர் ஊராகச் சுற்றி, மழைக்கோடு விழுந்து, அங்கங்கே அறுந்து ஒட்டப்பட்டுத்தான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது, அப்போது நாங்கள் திருச்சி மாவட்டம், அரியலூர் தனி மாவட்டமாகும் என்று யாரும் கனவிலும் நினைத்திராத காலம். எத்துப் பல்லும் வெள்ளை மனசுமாகக் கமல்ஹாசன் வருவார், கல்யாணம் என்று பெயர், பணம் இருக்கிறது, சூது தெரியாது, செண்பகமாக வரும் ஸ்ரீதேவியிடம் மனசைப் பறிகொடுத்து நிற்பார், கூட இருக்கிறவர்களே சொத்துக்காக அவரைக் கொன்றுவிடுவார்கள், அந்த அப்பாவி ஆவியாகித் தன் இரட்டைப் பிறவியான ராமனைத் தேடிப் போய் அவன் உடம்புக்குள் புகுந்துகொள்ளும். ராமன் கெட்டிக்காரன், பட்டணத்துப் பையன், அவன் முகம் சட்டென்று கல்யாணத்தின் முகமாக மாறும்போது கொட்டகை மொத்தமும் சிரிக்கும், ஆனால் கல்யாணம் செத்த இடத்தில் அப்பாயி மூக்கைச் சிந்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பிறகு அவன் ஆவியாக வந்து பல்லைக் காட்டியதும் அதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மறுநாள் நடவுக்குப் போன இடத்தில் படம் இன்னொரு முறை ஓடியது. குனிந்த முதுகுகள் வரிசையாகப் பின்னால் நகர, சேற்றின் பச்சை வாடையும் கிழித்த நாற்றின் வாசமும் காற்றில் நிற்க, அப்பாயி கல்யாணம் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவாள், பல் எடுப்பாக இல்லாத அவள் மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவதைப் பார்த்து, படம் பார்க்காத பெண்களும் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு சிரிப்புப் படம் நன்றாயிருக்கிறதா என்று அந்த வயலில் யாரும் யாரையும் கேட்டதில்லை, எந்தக் காட்சியைச் சொன்னால் பார்க்காதவள் சிரிக்கிறாளோ அந்தக் காட்சி தேறிற்று, சொல்ல வராத காட்சி தானாக உதிர்ந்துபோயிற்று, ‘கல்யாணராமன்’ அறுவடை வரைக்கும் உதிராமல் நின்றது.

கடைவீதியில் சலூன் வைத்திருந்த பெரியவர் இன்னொரு விதமான ரசிகர். படிகாரக் கல்லும் குட்டிக்குராப் பவுடரும் ஈரத்துண்டும் சேர்ந்து மணக்கும் அந்தச் சின்னக் கடையில், தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வாசிப்போம், விகடன் எத்தனை மார்க் போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் கத்திரியை நிறுத்தாமலே, மார்க்கை அவன் போடட்டும், நாம பார்த்துட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருச்சுப் பேசலாம் என்பார். அவசரமாய் அபிப்பிராயம் சொல்கிறவனை அவருக்குப் பிடிக்காது, படம் பார்த்த மறுநாள் காலையில் கிருதா திருத்தும்போது வாடிக்கைக்காரர் எதைச் சொல்லித் தானாகச் சிரிக்கிறார் என்று கண்ணாடிக்குள் கவனிப்பதுதான் அவர் வழக்கம்.

அந்தச் சலூனில்தான் 1985 தீபாவளிக்கு வாரக்கணக்கில் வாதம் நடந்தது, நவம்பர் 11ஆம் தேதி ஒரே நாளில் ரஜினிக்குப் ‘படிக்காதவன்’, பாலசந்தருக்குச் ‘சிந்து பைரவி’, கமலுக்கு ‘ஜப்பானில் கல்யாணராமன்’, தமிழில் இரண்டாம் பாகம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. கல்யாணம் திரும்ப வருகிறானாம் என்றதும் அப்பாயிக்குக் கொட்டகைக்கு வரும்வரை பொறுக்கவில்லை, பண்டிகை கழிந்த ஒரு நாளில் எங்களைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கே பஸ் ஏறினாள். கார்த்திகைக்கு முந்தின ஈரக் காற்று, கொள்ளிடத்தில் செம்பழுப்பாய்த் தண்ணீர், திருவையாறு தாண்டினால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஒன்றன்பின் ஒன்றாய் ஆறுகள் வரும், ஒவ்வொரு பாலத்திலும் அப்பாயி வாயில் வெற்றிலையோடு கையெடுத்துக் கும்பிடுவாள், எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வருவாள், அந்த மனுஷனும் தன் ஊர் மதகைப் பற்றிச் சொல்வார்.

எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அந்தப் படத்தில் எல்லாமே பெரிதாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஜப்பானின் சுகுபா நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே போய்ப் படம் பிடித்திருந்தார்கள், மிஷின் மனிதர்களும் ராட்டினங்களும் அதிவேக ரயிலும் சினிமாஸ்கோப் கனவு மாதிரி கண்ணை நிறைத்தன, இளையராஜா பாட்டு இருந்தது, கவுண்டமணி இருந்தார், வில்லனாகச் சத்யராஜ், ஸ்ரீதேவி இருந்த இடத்தில் ராதா. பதினாறு வயசுக்காரனான நான் வாயைப் பிளந்து பார்த்தேன், பக்கத்தில் அப்பாயி சிரிப்பதற்குத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் அவ்வளவாக வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் படம் எப்படி என்று நான் கேட்டபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை, வெண்ணாறு தாண்டி, காவிரி தாண்டி, கொள்ளிடத்துக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பிவிட்டுச் சொன்னாள், “ஊரத்தான் காட்டுறானுவ தம்பி, ஆளக் காணுமே.”

அந்த வாக்கியம் எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை, ஜப்பானைப் பார்த்த பெருமை தலைக்குள் இருந்தது. பிறகு ஏலாக்குறிச்சிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வாடகைக்கு டெக்கு எடுத்து, வாசலில் பெஞ்சு போட்டு, அதன்மேல் டிவியை வைத்து, பெட்ரோமாக்ஸை அணைத்துவிட்டு விடிய விடியப் படம் போட்ட ராத்திரியில், யாரோ ஒரு பையன் இரண்டு கல்யாணராமன்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகிவிட்டான். பந்தல் ஓலையின் பசுமை வாடை, விருந்து முடிந்த இலைகளின் புளிப்பு, தூரத்தில் நாய், பனி இறங்க இறங்கக் கிழவர்கள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்கள். முதல் படத்துக்கு அவர்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சிரித்தார்கள், இரண்டாவதில் ஜப்பான் வந்ததும் ஒவ்வொருவராகப் பாயில் சாய்ந்தார்கள், நடு நடுவே கண்ணைத் திறந்து, கல்யாணம் வந்துட்டானா என்று கேட்பார்கள், வந்துவிட்டான் என்றால் எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் பார்ப்பார்கள், ரயிலும் ராட்டினமும் வந்தால் மறுபடி படுத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாகத்தைப் பற்றி அதைவிட நேர்மையான விமர்சனத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் வாசிக்கவில்லை, தூக்கமும் விழிப்புமாக அந்தக் கிழவர்கள் எது தேவை எது தேவையில்லை என்று காட்சி காட்சியாகப் பிரித்துக்கொடுத்துவிட்டார்கள்.

வயசு ஏற ஏற அப்பாயி சொன்னது எங்கெங்கோ பொருந்திவந்தது. மலையாளத்தில் மோகன்லாலும் ஸ்ரீனிவாசனும் தாசன், விஜயன் என்று 1987இல் ‘நாடோடிக்காற்று’ படத்தில் நடித்தார்கள், துபாய் போகிறோம் என்று நம்பிக் கடைசியில் நம்முடைய மெட்ராஸ் கடற்கரையில் வந்து இறங்கும் அந்த இரண்டு ஏமாளிகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, மூன்றாவது பாகமான ‘அக்கரே அக்கரே அக்கரே’ 1990இல் அவர்களை நிஜமாகவே அமெரிக்காவுக்கு அனுப்பியது, எனக்கென்னவோ துபாய் போகமுடியாத தாசனும் விஜயனும்தான் நெருக்கம். வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ 2007இல் வந்தது, 2016இல் இரண்டாம் பாகம், அதுவும் ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போகிற கதைதான், ஆனால் கிரிக்கெட் ஆடிய அந்தப் பையன்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, வீட்டில் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர்களாகியிருந்தார்கள், நடுவில் நமக்குப் போன வருஷங்கள் அவர்களுக்கும் போயிருந்தன, ஊர் மாறியும் ஆள் தொலையாத படம் அது. 2006இல் வந்த வடிவேலுவின் இருபத்துமூன்றாம் புலிகேசிக்கு அடுத்த புலிகேசி தொடங்கிய இடத்திலேயே நின்றுபோயிற்று, எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான், அந்த ராஜாவை இன்னொரு தரம் பார்த்திருக்கலாம்.

சந்தானத்தின் பேய்ப் படங்களையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்துவந்தேன். ராம்பாலா இயக்கி 2016இல் வந்த ‘தில்லுக்கு துட்டு’, 2019இல் அதன் இரண்டாம் பாகம், பிறகு பிரேம் ஆனந்த் இயக்கத்தில் 2023இல் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’, புதுச்சேரியில் ஒரு பழைய பங்களாவுக்குள் ஆட்களை அடைத்துவிட்டு அவர்கள் பயப்படுவதையும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதையும் மட்டுமே நம்பிய படம், குடும்பத்தோடு பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். 2025இல் வந்ததில் சந்தானமே படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் ஒரு விமர்சகர், அவரை ஒரு பேய் சினிமாவுக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிடுகிறது, யோசனை பிரமாதம், மொட்டை ராஜேந்திரனும் நிழல்கள் ரவியும் வாய் திறந்த இடங்களில் அரங்கம் சிரித்தது, ஆனால் கப்பலும் தீவும் வர வர அந்த விமர்சகன் எப்படிப்பட்டவன், எதற்கு அழுவான், எதற்குக் கோபப்படுவான் என்பது தெரியாமலே போயிற்று. சுகுபா கண்காட்சிக்கு நாற்பது வருஷம் கழித்தும் சிரிப்புக் கதையின் அடுத்த பாகம் என்றால் முதலில் இடத்தைத்தான் பெரிதாக்குகிறார்கள்.

வெளியே வந்தால் படி இறங்குவதற்குள் மைக்கை நீட்டுகிறார்கள். முதல் பாதி ஓகே, செகண்ட் ஹாஃப் லேக், ஒன் டைம் வாட்ச், ஃபேமிலியோட பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள், ஒருவர் சொன்னதற்கும் அடுத்தவர் சொல்வதற்கும் வித்தியாசமில்லை, எந்தக் காட்சிக்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் யாருடைய பேச்சிலும் வருவதில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து, தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிக் கருத்துக் கேட்பதை அனுமதிக்காதீர்கள் என்று கோரிக்கை வைத்தார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை யாரும் மூடக்கூடாது. ஆனால் ஒரு ராத்திரி தூங்கி எழுவதற்கு அவகாசமில்லாத கருத்து அவனுக்கே எதற்கு உதவும் என்றும் தோன்றுகிறது.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, நேத்து படத்துக்குப் போனீங்களாமே, எப்படி என்று கேட்டார், நான் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று எதுவும் சொல்லாமல் ராஜேந்திரன் வருகிற ஒரு காட்சியைச் சொல்லிப் பார்த்தேன், அவர் சிரித்தார், இன்னொன்றைச் சொல்லப் போனேன், அது கப்பலில் நடப்பது, சொல்ல வரவில்லை, பாதியில் விட்டுவிட்டேன், அதிலேயே அவருக்குப் படம் புரிந்துவிட்டது. பேச்சு மெல்லப் படத்தை விட்டு விலகி, ஆவிக் கதை என்றதும் அவருக்கும் எத்துப் பல் கல்யாணம் நினைவுக்கு வந்து, அந்தக் கொட்டகை, அந்த மணல் என்று வெயில் ஏறும்வரை போய்க்கொண்டிருந்தது.

சிரிப்புப் படத்தின் அடுத்த பாகம் ஏதாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், வாசலில் எதுவும் சொல்லாதீர்கள், வீட்டுக்கு வாருங்கள், தூங்குங்கள், படம் பார்க்க வரமுடியாத வயசில் யாராவது வீட்டில் இருந்தால் காலையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காட்சியைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிரித்தால் படம் நல்ல படம்.