சாயத் தண்ணீர் போகும் இடம்

ஐப்பசி 26

அத்தையின் பாதங்களை இன்று அளந்தேன். என் மாமியாருக்குச் சர்க்கரை வந்து வெகு காலமாகிறது. இப்போது பாதம் மதமதத்துக் கிடக்கிறது. "குளிருதா எரியுதான்னே தெரியலம்மா" என்கிறார். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை ஓர் அளவு, விரல்களுக்குக் கீழே சுற்றளவு, கணுக்காலின் சுற்றளவு. கணுக்காலை மட்டும் சாயங்காலம் மறுபடி அளந்தேன், அந்த நேரத்தில்தான் வீக்கம் இருக்கும்.

சர்க்கரை நோயாளியின் சாக்ஸுக்கு மருத்துவர்கள் சொல்லும் விதிகள் எளியவை. மேல் விளிம்பில் இறுக்கும் எலாஸ்டிக் கூடாது. விரல் நுனியில் தையல் மேடு இருக்கக் கூடாது, உணர்ச்சியற்ற காலில் அந்த மேடு உரசிப் புண்ணானாலும் தெரியாது. நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் கறை உடனே கண்ணில் பட. இந்த மூன்றையும் கையால் பின்னும்போது முழுதாக நிறைவேற்றலாம். அத்தைக்குப் பருத்தி நூல்.

மகளுக்கும் பருத்திதான். பெருங்குடியில் அவள் உட்காரும் அலுவலகத்தில் ஏசியை யாரும் குறைப்பதில்லை. டொராண்டோவில் இருக்கும் அண்ணன் மகனுக்கு உல்லன். தை பிறப்பதற்குள் மூன்று ஜோடி. நூலை வெள்ளையாக வாங்கி நானே சாயம் போடுவது என்று முடிவு.

கார்த்திகை 2

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பெரிய எவர்சில்வர் குண்டான் ஒன்று பேரம் பேசி வாங்கினேன். சாயத்துக்கென்று ஆன பாத்திரம் மறுபடி சமையல் பக்கம் வரக் கூடாது, ஆகவே பழையதே போதும். அலுமினியம் வேண்டாம், இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். இரண்டும் நிறத்தை மாற்றிவிடும்.

திரும்பும் வழியில் நாட்டு மருந்துக் கடை. கடுக்காய், மஞ்சிட்டி, மாதுளை ஓடு, படிகாரம். கடைக்காரர் "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். நூலுக்கு என்றதும் மஞ்சிட்டியில் நல்ல வேராகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார்.

கார்த்திகை 5

நல்ல மழை. மொட்டைமாடிக் குழாயின் கீழே டிரம் வைத்துப் பிடித்தேன்.

எங்கள் போர் தண்ணீரில் சாயம் போட முடியாது என்பது இன்று கண்கூடாகத் தெரிந்தது. இரண்டு டம்ளரில் கடுக்காய்ப் பொடியைக் கரைத்தேன். மழைத் தண்ணீர் இளமஞ்சளாகவே இருந்தது. போர் தண்ணீர் சிறிது நேரத்தில் கறுக்கத் தொடங்கியது. கடுக்காயின் துவர்ப்பும் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான் வரும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதே இப்படித்தான். அத்தைக்கு வெளிர் நிறம் வேண்டும் என்றால் இரும்பு கலக்காத தண்ணீர் வேண்டும். இந்த ஊரில் அது வானத்திலிருந்துதான் வர வேண்டும்.

கார்த்திகை 6

சாயத்தில் நிறம் பாதிதான், பிடிப்பு மறுபாதி. பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் தாமாக நூலில் நிற்பதில்லை. நூலையும் நிறத்தையும் கோத்துப் பிடிக்க ஓர் உலோக உப்பு வேண்டும். உல்லன் 100 கிராம் என்றால் படிகாரம் 10 முதல் 12 கிராம். கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் மிதமான சூட்டில் வைத்து, அப்படியே ஆற விட வேண்டும். சூட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் உல்லன் சுருங்கிக் கெட்டித்துவிடும். பருத்தி படிகாரத்தை லேசில் ஏற்காது. அதற்கு முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஓர் இரவு ஊறல், பிறகுதான் படிகாரம். சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு சிவப்பு ஏற்றியவர்கள் செய்ததும் இதே வரிசைதான். 1639இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலேயக் கம்பெனி தேடி வந்ததும் அந்தத் துணிகளைத்தான்.

பழைய ஐரோப்பியச் சாயக் கையேடுகள் படிகாரத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சொல்லும். அதில் மஞ்சள் தங்கமாக மின்னுமாம், உல்லன் பட்டுப்போல் இருக்குமாம். நான் அதைத் தொட மாட்டேன். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் அது, புற்றுநோய் உண்டாக்குவது. அந்தத் தண்ணீரைப் பொழிச்சலூரில் நின்றுகொண்டு எந்தச் சாக்கடையில் ஊற்றுவேன்?

குரோம்பேட்டை எனக்குப் பக்கத்து ஊர். சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிட்டுக் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் ஆரம்பித்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் அந்தப் பேட்டை. பின்னால் பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் தொழிற்கூடங்கள் வரிசையாக வந்தன. தோலுக்குப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு கொடியதல்ல. ஆனால் பல பத்தாண்டுகள் சுத்திகரிக்காத கழிவு மண்ணில் இறங்கிய பிறகு கிணறுகள் கிணறுகளாக இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது. அந்தத் தொழிலில் உழைத்துக் குடும்பம் வளர்த்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

நான் வாங்கிய பருத்தி நூலும் அப்படிப்பட்ட பக்கத்திலிருந்து வந்ததுதான். திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையையே சாயக் குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. என் ஒரு குண்டானுக்கும் அந்த நிபந்தனை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை 10

சனிக்கிழமை. அகத்தீஸ்வரர் கோயிலில் கூட்டம். வட திருநள்ளாறு என்று பெயர் எடுத்த கோயில், சனிக்கிழமை பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பூக்கார அக்காவிடம் வாடிய துலுக்க சாமந்தியைக் கேட்டேன். "சாமிக்கா?" "சாக்ஸுக்கு அக்கா." சிரித்துக்கொண்டே பை நிறையப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மகளின் நூலுக்கு அந்தச் சாமந்தி. அத்தைக்கு அதே தண்ணீரின் இரண்டாம் முக்கு, வெண்ணெய் நிறம். அண்ணன் மகனின் உல்லனுக்கு மஞ்சிட்டி. மஞ்சிட்டியைக் கொதிக்க விட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும், ஆகவே அடுப்புப் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. மாலையில் சிட்டத்தைத் தூக்கியபோது செங்கல் சிவப்பு. நல்ல சிவப்பு.

மஞ்சள் ஏன் போடவில்லை என்று மகள் கேட்டாள். மஞ்சள் உடனே பிடிக்கும், ஆனால் வெயிலில் நிற்காது. போதாக்குறைக்குச் சோப்பின் காரம் பட்டதும் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது அந்தக் குணத்தால்தான். வாரா வாரம் சோப்பில் விழும் சாக்ஸுக்கு அது ஆகாது.

கார்த்திகை 14

அனகாபுத்தூருக்குப் போனேன், நடக்கிற தூரம்தான். எனக்குப் பழக்கமான நெசவுக் குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது. பெரியவர் தறியிலிருந்து எழுந்து வந்து என் சிட்டங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈர விரலால் தேய்த்து, விரலில் நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. "நல்லாப் புடிச்சிருக்கும்மா. ஆனா அலசல் பத்தாது" என்றார். அதுவே எனக்குப் பெரிய மதிப்பெண்.

இந்த ஊரின் தறிகளில் ஒரு காலத்தில் நெய்தது ரியல் மெட்ராஸ் கைக்குட்டை. கட்டம் போட்ட அந்தத் துணி கப்பலேறி நைஜீரியா போனது. அங்கே கலபாரி மக்கள் பிறப்பிலும் சாவிலும் அதை முன்னே வைத்தார்கள், தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் காத்தார்கள். அந்தச் சந்தை கைவிட்டுப் போனதும் இங்கே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியவர்கள் வாழைநார், அன்னாசி நார், கற்றாழை நார் என்று எடுத்துப் புடவை நெய்து பெயர் வாங்கினார்கள்.

அதே மெட்ராஸ் கட்டத்துக்கு 1950களின் கடைசியில் அமெரிக்காவில் வேறொரு வாழ்வு. துவைத்ததும் சாயம் போன சட்டைகளைக் கண்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே பெருமையாக்கி, நிச்சயம் சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். சாமர்த்தியம்தான். ஆனாலும் ஈர விரலால் தேய்த்துப் பார்க்கும் பெரியவர் பக்கம்தான் நான்.

கார்த்திகை 22

விடாத மழை. சிட்டங்கள் காயவில்லை, உள்ளே மின்விசிறியின் கீழ் தொங்குகின்றன. 2015 டிசம்பரில் அடையாறு இந்தத் தெருக்களுக்குள் வந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இரவில் மழைச் சத்தம் மாறினாலே அத்தை எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கூட நானும் உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றினேன்.

மார்கழி 3

பின்னல் தொடங்கிவிட்டது. என் ஊசிகள் நீலகிரியில் கேத்தியில் செய்தவை. 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸின் போனி ஊசிகள் உலகமெங்கும் பின்னுகிறவர்களிடம் உண்டு. உல்லன் பின்னல் சென்னைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன்: 2016 ஜனவரியில், சென்னையில் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் பெண்கள், படூரில் இந்துஸ்தான் கல்லூரியில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். பிறகு அதைப் பிரித்துப் போர்த்திக்கொள்ள இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

சாக்ஸில் எனக்குப் பிடித்த இடம் குதிகால். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்த பின்னல் அங்கே நின்று, பாதிக் கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னும் போய், வரிசைக்கு வரிசை பாதியில் திரும்பித் திரும்பி ஒரு கிண்ணமாக மடிகிறது. அதன் பின் விட்ட கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வட்டம். தட்டையான பின்னல் பாதத்தின் வடிவம் எடுப்பது அந்தச் சில வரிசைகளில்தான். அத்தையின் சாக்ஸில் விரல் நுனியைத் தையல் போட்டு மூடாமல், கண்ணியோடு கண்ணி கோத்து முடித்தேன். கையை உள்ளே விட்டுத் தடவினேன். மேடு இல்லை.

மகள் செருப்புப் போடுகிறவள், அதனால் அவளுக்குப் பெருவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்னுகிறேன். இது புதுசு அல்ல. எகிப்தில் அன்டினோபோலிஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு குழந்தையின் கோடு போட்ட சாக்ஸ் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 1,700 ஆண்டு பழையது. ஒற்றை ஊசி முறையில் செய்தது, செருப்புப் போட ஏதுவாகப் பெருவிரல் தனி. 2018இல் அதன் நிறங்களை ஒளிப்பட முறையில் ஆராய்ந்தார்கள். இடதுகாலுக்கான அந்தச் சாக்ஸின் அத்தனை நிறக் கோடுகளும் மூன்றே சாயங்களிலிருந்து வந்தவை: சிவப்புக்கு மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மேடர் வேர், நீலத்துக்கு ஓட் இலை, மஞ்சளுக்கு வெல்ட் செடி. மூன்று பானையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக் காலுக்கு இத்தனை கோடு போட்டவர்களை எண்ணி இன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

மார்கழி 19

அத்தை போட்டுப் பார்த்தார். சர்க்கரைக் காலுக்கென்று அவர் போடும் மெத்தென்ற எம்சிஆர் செருப்புக்குள் சரியாக உட்கார்ந்தது. சாயங்காலம் கழற்றி, கணுக்காலில் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. "மதுராந்தகத்துல உங்க சின்ன அத்தைக்கும் இதே மாதிரிதான்மா கால்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

மார்கழி 21

டொராண்டோ பார்சலில் அண்ணிக்கு ஒரு தாள் எழுதி வைத்தேன். பச்சைத் தண்ணீரில் அலசவும். துணி சோப்பு வேண்டாம், ஷாம்பு போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தவும். நிழலில் காய வைக்கவும். முதல் அலசலில் லேசாகச் சிவப்பு வந்தால் பயப்பட வேண்டாம், மஞ்சிட்டி வேர்தான், எந்தத் தொட்டியில் ஊற்றினாலும் தீங்கில்லை.

குண்டானில் மீதியிருந்த படிகாரத் தண்ணீரை இதுவரை கொட்டவில்லை. கொஞ்சம் புதுப் படிகாரம் சேர்த்தால் இன்னொரு சிட்டத்துக்கு ஆகும். சின்ன அத்தையின் கால் அளவை எடுத்து அனுப்பச் சொல்லி மதுராந்தகத்துக்குப் போன் செய்தாயிற்று, கணுக்காலைச் சாயங்காலம் அளக்கச் சொல்லி.