காலி கேஸும் கொசுவலையும்

இந்த வாரம் எள்ளு விதைப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். மழை ஏமாத்திருச்சு. எள்ளும் தள்ளிப்போச்சு, எழுத்தும் தள்ளிப்போச்சு. அதனால இன்னைக்கு வேற கதை.

என் தம்பி மக ஒன்பதாவது படிக்குது, என்.சி.சி.யில இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வந்து, "பெரியப்பா, கேம்ப்ல ஃபயரிங் இருக்கு. காலி கேஸ் பிடிக்க ஏதாச்சும் செஞ்சு குடுங்க. மேடம் கொண்டுவரச் சொல்லிட்டாங்க"ன்னு நின்னுச்சு. நானும் அந்தக் காலத்துல என்.சி.சி.ன்னு வீட்டுல பெருமை அடிச்சு வச்சிருக்கேன். மாட்டிக்கிட்டேன்.

டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். துப்பாக்கியில சுட்டா குண்டு மட்டும்தான் பறக்கும். அது உக்காந்திருந்த பித்தளைக் கூடு உள்ளேயே தங்கிரும். போல்ட்டைப் பின்னாடி இழுத்தா வலது பக்கமா துள்ளி விழும். அதுதான் காலி கேஸ். கேம்ப்ல காதுல விழுந்த இந்தி வார்த்தைகள்ல அர்த்தம் கேக்காமலே எங்களுக்குப் புரிஞ்சது இந்த 'காலி' ஒண்ணுதான். பசங்களுக்குக் குடுக்கிறது பாயிண்ட் 22 ரைபிள். அதோட கூடு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அவ்வளவுதான். ஆனா 100 தோட்டா எடுத்துட்டுப் போனா, சுடாத தோட்டாவும் காலிக் கூடும் சேர்ந்து 100 திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சா, யாரோ முழுத் தோட்டாவையே மடியில கட்டிட்டுப் போயிட்டான்னுகூட ஆகிப்போகும். விளையாட்டு இல்லை.

எங்க காலத்துல சுடுறவனுக்கு வலது பக்கத்துல இன்னொருத்தன் மண்டி போட்டுத் தொப்பியை நீட்டிப் பிடிக்கணும். மெதுவா இழுத்தா தொப்பிக்குள்ள விழும். வெடுக்குனு இழுத்தா எங்கேயோ போகும். சிலர் சாக்கை விரிப்பாங்க. காய்ஞ்ச கட்டாந்தரையில விழுந்தா கூடு எகிறி ஓடும், சாக்குன்னா விழுந்த இடத்துலயே கிடக்கும். ஆனா சாக்கு நிறமும் பித்தளை நிறமும் ஒண்ணாத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை வேட்டிதான் தேவலை. ஒரு பையன் ரேடியோப் பொட்டியில இருந்து கழட்டின காந்தத்தைக் கயித்துல கட்டி மண்ணுல இழுத்துட்டுத் திரிஞ்சான். பித்தளை காந்தத்துல ஒட்டுமா? ரெண்டு ஆணியும் கொஞ்சம் இரும்புத்தூளும்தான் மிச்சம்.

மண்ணுல விழுந்ததைத் தேடச் சல்லடையை விட்டா வழியில்லை. அதுலயும் கடலைச் சல்லடை ஆகாது, கூடு ஒழுகிரும். கொத்தனார் பூச்சுக்கு மணல் சலிக்கிற சல்லடைதான் சரி. இது எனக்கு எப்படித் தெரியும்னா, 1985ல ஒரு சாயங்காலம் பூரா சலிச்சிருக்கேன்.

அப்ப நான் ஒன்பதாவது. பத்து நாள் கேம்ப். ஒரு மலங்கரடு ஓரமா மண்மேட்டுக்கு முன்னாடி படுத்துச் சுடணும், ஆளுக்கு 5 தோட்டா. என் கூட்டாளி சுடுறான், நான் தொப்பி பிடிக்கிறேன். அவங்கப்பா பழைய இரும்பு, பித்தளை, ஈயம் எடுக்கிற வியாபாரம், சைக்கிள்ல ஊர் ஊராப் போவாரு. இவனுக்குப் பட்டாளத்துல சேரணும்னு ஒரே வெறி. நாலு கூடு தொப்பியில விழுந்துச்சு. அஞ்சாவது என் மணிக்கட்டுல சுரீர்னு பட்டுச்சு. கையை உதறிட்டேன். எங்க விழுந்துச்சுன்னு நான் பாக்கலை.

எண்ணினா ஒண்ணு குறையுது. என்னைக் கேட்டாங்க. "நான் தொப்பியைச் சரியாத்தான் பிடிச்சேன் சார்"னு சொன்னேன்.

அது ஒண்ணுதான் சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கலை. எங்ககூட வந்திருந்த பெரியவர் ஒருத்தர் அவனைப் பாத்து, "பித்தளை விலை உனக்குத்தானடா தெரியும்"னாரு. எல்லார் முன்னாடியும் பூட்ஸைக் கழட்டச் சொன்னாங்க, காக்கிப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னாங்க, பெல்ட்டை அவுக்கச் சொன்னாங்க. அவன் அழலை. என்னை ஒரு தடவை பாத்தான்.

அப்புறம் எல்லாரும் தேட ஆரம்பிச்சோம். வெயில் சாயச் சாய, தரையோட தரையா குனிஞ்சு பாத்தா பித்தளை மினுங்கும். ஏர்ல இருந்து விழுந்த ஆணியை எங்கப்பா அப்படித்தான் கண்டுபிடிப்பாரு. அன்னைக்கு அதுவும் பலிக்கலை. கடைசியில கட்டட வேலை நடந்த இடத்துல இருந்து சல்லடை வாங்கிட்டு வந்து, அவன் படுத்த இடம், நான் இருந்த இடம்னு அள்ளி அள்ளிச் சலிச்சோம். கிடைச்சிருச்சு. நான் மண்டி போட்ட குழிக்குள்ள, என் முழங்கால் பட்டு அமுங்கிக் கிடந்துச்சு. அந்தக் குழி மண்ணை அள்ளிப் போட்டது அவன்தான். சல்லடையைப் பிடிச்சிருந்தது நான்.

யாரும் எதுவும் கேக்கலை. கணக்கு சரியாப் போச்சு, சாப்பாட்டுக்குப் போயிட்டோம். ஊருக்கு வந்தபிறகு அவன் என்.சி.சி. யூனிஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டான். பட்டாளத்துக்கும் போகலை. அப்பா தொழிலையே பாத்தான். இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பழைய இரும்புக் கடை. என் வீட்டுல ஓடாத மோட்டார், உடைஞ்ச கலப்பை எல்லாம் அவன்கிட்டதான் போகும். என் கல்யாணத்துக்கு வந்தான், அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் போனேன். அந்தப் பேச்சை மட்டும் நாங்க எடுத்ததே இல்லை.

சரி, பாப்பாவுக்கு வருவோம். பழைய நூல் கொசுவலை வீட்டுல இருந்துச்சு. அதை முறம் மாதிரி மூணு பக்கமும் தூக்கலா, துப்பாக்கிப் பக்கம் மட்டும் திறந்து, கீழ வெள்ளைத் துணி தொங்குற மாதிரி தைக்கலாம்னு நினைச்சேன். போல்ட் இழுக்கிற கையில இடிக்காம ஒரு முழம் தள்ளி நிக்கணும். குழலுக்கு முன்னாடி நூல்கூட நீட்டக் கூடாது. சட்டத்துக்கு வளையுற கம்பி வேணும். குடைக்கம்பிதான் தோது. அது கிடைக்கிற இடம் அவன் கடைதான்.

போனேன். டீ வாங்கிக் குடுத்தான். "குடைக்கம்பி எதுக்கு மாப்ள?"ன்னான். பொய் சொல்ல வரலை. பாப்பா கேம்ப் போகுது, காலி கேஸ் பிடிக்கன்னு சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. எழுந்து போய்க் குவியலைக் கிளறி, துருப்பிடிக்காத கம்பியா நாலு பொறுக்கி எடுத்தான். நெளிவை எல்லாம் அவனே தட்டி நிமித்தினான். காசு வாங்கலை. நான் வண்டியை எடுக்கும்போது பின்னாடி வந்து சொன்னான்:

"பக்கத்துல மண்டி போடுற பிள்ளையோட முழங்காலுக்கு அடியிலயும் துணி வர்ற மாதிரி நீளமாத் தைச்சுக் குடுடா."

ரெண்டு முழம் கூட விட்டுத் தைச்சேன்.