குன்னூர், எட்டடி நீளத்தில்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதையின் நீளம் 45.88 கிலோமீட்டர். மாடல் செய்ய அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 527 மீட்டர் வரும். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், உச்சி 2,203 மீட்டர். அந்த ஏற்றத்தையும் அதே கணக்கில் சுருக்கினால் ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். எங்களிடம் இருந்ததோ கோவை பீளமேட்டில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் தகரம் வேய்ந்த அறையும் அதில் காலியாகக் கிடந்த ஒரு சுவரும்தான். 527 மீட்டரில் எந்த இரண்டரை மீட்டரை எடுப்பது? என் படிப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

கற்றுக்கொடுத்த ஐயா ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பில் வார்க்க வேண்டிய உறுப்பை முதலில் மரத்தில் செய்து தருவது பேட்டர்ன்காரரின் வேலை. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அவர்களுடைய அளவுகோலே அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் நீட்டிக் கோடு போடப்பட்டிருக்கும். அளவைச் சந்தேகப்படுவது அவருக்குத் தொழிலோடு வந்த குணம். நான் கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டார்: “ஸ்டேஷனைச் செய்யப் போறியா கண்ணு, அங்க நடக்கிற வேலையைச் செய்யப் போறியா?”

அப்போது இரண்டும் ஒன்றென்றே எனக்குப் பட்டது. ஆனால் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதே அந்தக் கேள்வியைப் பொறுத்ததுதான். அழகு வேண்டுமென்றால் பல நிலையங்கள் உண்டு. ரயில் வரும், நிற்கும், போகும். செய்து முடித்தபின் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அதற்குமேல் கைக்கு வேலை இருக்காது. குன்னூர் அப்படியில்லை. 1899இல் பாதை இங்கேதான் முடிந்தது. 1908இல்தான் ஊட்டி வரை நீண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பற்சட்டம். 12 அடி நகர்ந்தால் ஒரு அடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. அந்த ஏற்றத்தில் நீராவி எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். பற்சட்டம் குன்னூரில் முடிகிறது. நீராவி எஞ்சின் கழன்று ஷெட்டுக்குப் போகும், டீசல் எஞ்சின் வந்து மாட்டும். அதற்குப் பிறகும் ரயில் நேரே ஊட்டிக்குக் கிளம்பிவிடாது. சற்றுப் பின்வாங்கி, தண்டவாளம் மாறித்தான் மேலே போகும். எஞ்சின் மாற்றம், தண்ணீர், ஷெட், பின்வாங்கல் என்று இத்தனை வேலைகளும் ஒரே இடத்தில். குறுகிய பலகைக்கு இதைவிடப் பொருத்தமான நிலையம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

இடமில்லாதவர்கள் ரயில் மாடல் செய்வதற்கு ஒரு மரபே இருக்கிறது. இங்கிலாந்தில் சிரில் ஃப்ரீசர் 1957இல் ‘மைனரிஸ்’ என்று ஒரு திட்ட வரைபடம் வெளியிட்டார். நெரிசலான நகர முனையம் ஒன்றை அலமாரித் தட்டு அகலத்தில் அடக்கிக் காட்டிய திட்டம் அது. இன்றுவரை ஆட்கள் அதையே திருப்பித் திருப்பிச் செய்கிறார்கள். ஐயா அதன் ஜெராக்ஸ் ஒன்றை என் கையில் கொடுத்து, பாதைகள் எங்கே பிரிகின்றன என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினோம். எட்டடி என்பது நிஜத்தில் 212 மீட்டர், ஒன்றரை அடி என்பது 40 மீட்டர். நான் வரைபடத்தாளை எடுத்தேன். அவர் தினத்தாளைத் தரையில் விரித்தார். அட்டையில் ஒரு பட்டையை வெட்டி என்னிடம் நீட்டினார்: மூன்று பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்த நீளம். நிஜ ரயிலில் நான்கு பெட்டிகூட வரும். நாங்கள் ஒன்றைக் குறைத்துக்கொண்டோம். அடுத்து வந்த வாரங்களில் அந்த அட்டைப் பட்டைதான் எங்கள் அளவுகோல். பிளாட்பாரத்தில் பட்டை அடங்குகிறதா? இங்கே ரயில் நிற்கும்போது பக்கத்துப் பாதையில் எஞ்சின் கடக்க முடிகிறதா? பின்வாங்கும்போது பட்டையின் கடைசி முனை பாதை பிரியும் பாயின்ட்டைத் தாண்டுகிறதா?

தாண்டவில்லை. குன்னூரின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பின்வாங்கும் ரயில் பாயின்ட்டுக்கு அப்பால் முழுதாக வெளியேறினால்தான் அடுத்த பாதைக்கு மாற முடியும். அதற்குப் பலகையில் இன்னொரு ரயில் நீளம் வேண்டும். நிலையத்துக்கு ஒரு நீளம், பின்வாங்க ஒரு நீளம், நடுவே பாயின்ட்டுகள். இவற்றை வைத்ததும் எட்டடியும் தீர்ந்துவிடும், மலைக்கு மிச்சமில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பாதையைக் கற்சுவருக்குப் பின்னால் கொண்டுபோய், பலகையின் விளிம்பில் மாட்டிக் கழற்றும் மரத்தொட்டி ஒன்றில் முடித்தோம். தொட்டிக்குள் ஒரு தண்டவாளம், ஒரு ரயில் நீளம். ரயில் அதற்குள் பின்வாங்கும், திரும்ப வரும். தொட்டியைக் கையால் தூக்கித் திருப்பி வைத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து அடுத்த ரயில் தயார். பார்க்கிறவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும்.

பிறகு குன்னூருக்கே போய் அளந்தோம். நிலையத்தில் டேப் விரித்து அளப்பது சங்கடம். கேட்டு, அனுமதித்த இடங்களில் மட்டும் படமெடுத்தோம். ஐயா சொல்லித்தந்த சூட்சுமம் ஒன்று உண்டு. மீட்டர் கேஜ் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். ஆகவே தண்டவாளம் தெரிகிற எந்தப் படத்திலும் ஒரு மீட்டர் கோல் தானாகவே கிடக்கிறது. அதே தூரத்தில் இருக்கிற எதையும் அதை வைத்துக் கணக்குப் போடலாம். சுவருக்கு வரும்போது கல்வரிசையை எண்ண வேண்டும். ஒரு வரிசையின் உயரம் தெரிந்தால் போதும். கட்டடத்தைப் படமெடுக்கும்போது சாய்வாக நிற்காமல் நேரெதிரே நிற்க வேண்டும். வரைபடம் போடுகிறவளுக்கு இதெல்லாம் எளிதாக வந்தது.

வராதது குறைப்பது. என் தொழிலில் சுருக்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குவது. இங்கே அது உதவாது. பிளாட்பாரத்தின் நீளத்தில் கை வைக்கலாம், அகலத்தில் கூடாது. அகலம் குறைந்தால் பொம்மைப் பயணிகள் நிற்க இடமிருக்காது, கண் உடனே பிடித்துவிடும். கட்டடத்தில் நான்கு ஜன்னலை மூன்றாக்கலாம், ஜன்னலைச் சிறிதாக்கக் கூடாது. கதவு, படி, ஆள், சக்கரம் எல்லாம் சரியான அளவில் இருக்க வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றுவெளியைத்தான் விழுங்க வேண்டும். இதை அவர் விதியாகச் சொல்லவில்லை. அட்டையில் நான் வெட்டி வைத்த கட்டடங்களைப் பார்த்து “இதுல யாரு நுழைவாங்க?” என்று கேட்பார், அவ்வளவுதான்.

எந்தக் காலத்துக் குன்னூர் என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நிலக்கரி எரித்த காலம்தான் குன்னூர் என்பது அவர் கட்சி: ஷெட்டருகே கரிக்குவியல், கறுத்த தரை, கூடை தூக்கும் ஆட்கள். பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்தப் பாதைக்கென எண்ணெய் எரிக்கும் புதிய எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டன. இன்று போய்ப் பார்க்கிறவர் காணும் குன்னூரைத்தான் செய்ய வேண்டும் என்றேன் நான். பார்க்காததைப் படத்திலிருந்து செய்தால் அது படத்தின் மாடலாகத்தான் வரும். கடைசியில் எண்ணெய்தான் வென்றது. கரிக்குவியலை மட்டும் அவர் தனியாக ஓர் அட்டையில் செய்து வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் ஷெட்டருகே வைத்துவிடுகிறார்.

87இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் பாதை வேண்டும். இந்தியாவில் அதற்குச் சந்தை கிடையாது. ஆனால் ஸ்விட்சர்லாந்தில் மீட்டர் கேஜ் மலைப்பாதைகள் நிறைய. அவற்றை மாடல் செய்கிறவர்களுக்காகவே இந்த அளவு தழைத்திருக்கிறது. பீக்கோ நிறுவனத்தின் 12 மில்லிமீட்டர் வளையும் பாதையைத் தருவித்தோம். விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் படிப்பார்கள். ஸ்விஸ் தொடர்பு பொருத்தமானதும்கூட: மலை ரயிலின் பற்சட்ட முறையை வகுத்த ரோமன் ஆப்ட் ஸ்விஸ்காரர், பழைய எக்ஸ் எஞ்சின்கள் வின்டர்தூரிலிருந்து வந்தவை.

தண்டவாளம் போடுவதில் பொறுமையைச் சோதிப்பது பலகை இணையும் இடம். மாடிப்படியில் இறக்க வேண்டும் என்பதால் பலகை நாலடி, நாலடியாக இரண்டு துண்டு. இணைப்பின் மேல் பாயின்ட் வரக்கூடாது. இணைப்புக்கு இருபுறமும் பித்தளைத் திருகாணிகளைப் பலகையில் இறக்கி, அவற்றின் தலையில் தண்டவாளத்தைச் சால்டர் வைத்து ஒட்டி, அதன்பிறகே மெல்லிய வட்டரம்பத்தால் தண்டவாளத்தை அறுக்க வேண்டும். அறுத்துவிட்டு ஒட்டினால் நேர் சேராது. கோவையே ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயில் சும்மா விடாது. தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே நூலளவு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மதியத்தில் பாம்பாக நெளியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஒயர் இறக்கினோம், இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் விடுவதில்லை.

பற்சட்டம் தனிக்கதை. ஆப்ட் முறையில் நடுவே இரண்டு பல்சட்டங்கள் அருகருகே ஓடும். ஒன்றின் பல் வருமிடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி அமைத்திருப்பார்கள். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், வளைவிலும் பிடி நழுவாது. நீலகிரியில் இந்தச் சட்டங்கள் தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். மாடலில் அந்த உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் எஞ்சினின் அடியில் தொங்கும் எதையும் அது தட்டிவிடும். வெறும் உருளலை நம்பி 12இல் 1 ஏற்றத்தை மாடல் எஞ்சின் ஏறாது. நிலையத்தின் தரை ஏறக்குறைய சமம் என்பதால் நாங்கள் தப்பினோம்: பலகையின் ஓரத்தில் சரிவு தொடங்குகிற இடத்தில் கொஞ்ச தூரம் பற்சட்டத்தைத் தோற்றத்துக்கு மட்டும் வைத்து, சுவருக்குப் பின்னால் பாதையைச் சமமாகக் கொண்டுபோய்விட்டோம்.

எஞ்சினை அவர் செய்தார், நான் பிடித்துக்கொண்டேன். எக்ஸ் எஞ்சினை அடையாளம் காட்டுவது பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் சிலிண்டர்கள். கீழே உள்ளது சக்கரத்தை ஓட்டும். அதிலிருந்து வெளியேறும் நீராவியே மேலே போய்ப் பல்சக்கரத்தை ஓட்டும். எட்டு ஓட்டுச் சக்கரங்கள், பின்னால் ஒரு சிறு ஜோடி. பழக்கத்தால் அதற்கும் முதலில் மரத்தில்தான் பேட்டர்ன் செய்தார். பித்தளைத் தகடு பிறகு வந்தது.

காடு, தேயிலை, மண் எல்லாம் கடைசி. ரயில் தடங்கலில்லாமல் ஓடும் வரை பசை டப்பாவைத் திறக்க விடமாட்டார். பாதையடியில் போடும் ஜல்லிக்கு கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தோம். தூளைத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மருந்துச் சொட்டுக்குழாயால் விட வேண்டும். அதில் இரண்டு சொட்டு ஷாம்பு கலக்காவிட்டால் பசை உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூளும் காயவைத்த டீத்தூளும். குன்னூர் மண்ணைத் தேயிலையால் செய்வது அவருக்கு அளவுகடந்த மகிழ்ச்சி.

இப்போது பலகையில் ஒரு முழு வரிசை ஓடுகிறது. ரயில் தொட்டியிலிருந்து ஏறி வரும், நீராவி எஞ்சின் கழலும், ஷெட்டுக்குப் போகும் வழியில் தண்ணீர்க் குழாயருகே நிற்கும், டீசல் வரும், ரயில் பின்வாங்கும், ஊட்டிப் பாதையில் ஏறிச் சுவருக்குப் பின்னால் மறையும். அவசரப்படாமல் செய்தால் கால் மணி நேரம் ஆகிறது, வந்தவர்கள் எழுந்து போவதில்லை. ஷெட்டின் கூரை இன்னும் போடவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: குன்னூரில் தொடங்காதீர்கள். கேத்தியையோ லவ்டேலையோ எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே பற்சட்டம் இல்லை, எஞ்சின் மாற்றும் தொல்லையும் இல்லை. நாலடிப் பலகை போதும். பாதை வாங்குவதற்கு முன் ஒரு ரயில் நீளத்துக்கு அட்டைப் பட்டை வெட்டிக்கொண்டு, தினத்தாளின் மேல் அதை நகர்த்திப் பாருங்கள்.