ஒட்டும் டயரா, மாட்டும் டயரா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் பழைய மாணவன் ஒருவன் தன் தகப்பனாரோடு வீட்டுக்கு வந்தான். தகப்பனார் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். பையன் நான்காம் படிவம். சைக்கிள் பந்தயம் என்றால் உயிர்.

"ஐயா, டவுன்ல ஒருத்தரு பழைய ரேஸ் சக்கரம் ரெண்டையும் 300 வெள்ளிக்குத் தர்றேங்கிறாரு. இவன் அதான் வேணும்னு நிக்கிறான். நீங்க சொன்னாத்தான் காச எடுப்பேன்" என்றார் அவர்.

விசாரித்தேன். அவை டியூபுலர் சக்கரங்கள். இந்த வகையில் டியூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்திருப்பார்கள். அதை ரிம்மின்மேல் பசையால் ஒட்ட வேண்டும். நாம் அன்றாடம் காணும் டயர் கிளிஞ்சர். அதன் ஓரம் ரிம்மின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். டியூப் தனியாக இருக்கும். ஒன்றின் ரிம்மில் மற்றதைப் பூட்ட முடியாது. ஆகவே டயரைத் தேர்ந்தெடுப்பது சக்கரத்தையே தேர்ந்தெடுப்பதாகும்.

"பெரிய வீரருங்க எல்லாம் இதத்தானே சார் ஓட்டுனாங்க?" என்றான் பையன்.

அவன் சொன்னதில் தவறில்லை. டியூபுலர் சக்கரம் எடை குறைவு. குழியில் இடித்தால் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும் தொல்லையும் அதில் குறைவு. காற்றுப் போனாலும், நன்றாக ஒட்டியிருந்தால் ரிம்மிலேயே நிற்கும். பல்லாண்டுக் காலம் ஐரோப்பியப் பந்தய வீரர்கள் அதையே நம்பினார்கள். இன்று சாலைப் பந்தயத்தில் பெரும்பாலோர் டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டார்கள்.

நான் சட்டைக் கையை மடித்து, முழங்கையிலுள்ள தழும்பைக் காட்டினேன். இளவயதில் நானும் அப்படியொரு சைக்கிளை ஆசையாக வாங்கினேன். பசை நன்றாகக் காய ஒரு நாளாவது விட வேண்டும். நான் காலையில் ஒட்டி மாலையில் ஏறிவிட்டேன். வளைவில் டயர் கழன்றது. சரளைக் கல்லில் விழுந்தேன். பிழை டயருடையதன்று, என் அவசரத்தினுடையது. ஆனால் தேர்ந்த வீரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், வெயிலில் இளகிய தார்ச் சாலையில் இறங்கும்போது டயர் கழன்று, ஸ்பெயின் வீரர் ஜோசெபா பெலோக்கி தொடையெலும்பை முறித்துக்கொண்டார்.

"தம்பி, அவங்களுக்கு டயர் வெடிச்சா பின்னால கார்ல மாத்துச் சக்கரம் வருது. உனக்குப் பின்னால என்ன வரும்?"

பையன் தலை குனிந்தான். தகப்பனார் சிரித்துவிட்டார்: "லோரிதான் வரும்!"

எங்கள் செம்மண் சாலையில் செம்பனை மட்டை முள் எப்போதும் கிடக்கும். டியூபுலரில் முள் ஏறினால் தையலைப் பிரித்து, டியூபை ஒட்டி, மறுபடியும் தைத்து, ரிம்மில் பசை தடவிக் காயவைக்க வேண்டும். கிளிஞ்சருக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு நெம்புகோல், ஒரு கைப்பம்பு போதும்.

அதே பணத்தில் கிளிஞ்சர் சக்கரங்களும் நல்ல டயர்களும் வாங்கினார்கள். பையனுக்கு மனக்குறைதான், முகத்தில் தெரிந்தது.

போன வாரம் அவன் பள்ளி வாசலில் வந்து நின்றான். இரண்டு கையிலும் கறுப்பு அழுக்கு.

"மட்டை முள்ளு குத்திருச்சு சார். நானே மாத்திட்டேன், பத்தே நிமிஷம்!"

அந்த முகத்தில் மனக்குறை இல்லை. பெரியவர்கள் வைத்திருக்கும் பொருளைவிட, நம் கையால் பழுது பார்த்துக்கொள்ளக் கூடிய பொருளே நம்மை வெகுதூரம் கொண்டுசெல்லும். அதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.