மலைப்பாதையில் நின்ற மோட்டார்

சென்ற சித்திரையில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுங்கால், எமது பழைய கார்புரேட்டர் மோட்டார் பாதிவழியில் மூச்சடங்கி நின்றது. பின்னாசனத்தில் முதியவராகிய எம் தாயார், பொழுதோ சாய்கின்றது. தொட்டியிற் பெட்ரோலுக்குக் குறைவில்லை. நீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். பெட்ரோலின் இலேசான பகுதிகளோ 40 டிகிரியளவிலேயே ஆவியாகத் தொடங்கும். உயரம் ஏறக் காற்றழுத்தம் குறைதலின் அதற்கு முன்னரும் ஆகும். காய்ந்த குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளவே, திரவத்தை இழுக்கவல்ல பம்பு வெற்றாவியை இழுத்து ஓய்ந்தது. நண்பர் இயந்திரத்தின்மேலேயே தண்ணீர் கொட்ட விரைந்தார். சுடும் வார்ப்பிரும்பு விரிசல் காணுமென்று தடுத்தோம். மூடியைத் திறந்து, தாயாரின் துண்டை நனைத்துப் பம்பிலும் குழாயிலும் சுற்றி அரைமணி காத்திருந்தோம்; நண்பருக்கு அஃது அரையுகம். இருட்டுமுன் வண்டி கிளம்பிற்று. எண்ணெய்க் கறை படிந்த அத்துண்டைத் தாயார் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.